மஞ்சள் கோழியும் சைவ டாக்டரும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் தீவனக் கலவையைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. அதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். நான் சொல்ல நினைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. படித்தது அத்தனையும் தலைக்குள் இருந்தும், அன்று காலையில் அதில் ஒன்றுகூட எனக்குக் கைகொடுக்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சைவம். எங்கள் குடும்பம் பவானியில் ஜமக்காளத் தறி வைத்திருந்த குடும்பம். வீட்டுக்குள் முட்டைகூட வராது. கால்நடை மருத்துவம் படித்துவிட்டுக் கோழித் தீவன ஆலையில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்றபோது அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "லீவுக்கு வந்தா, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் அடுப்படிக்குள்ள நுழையோணும்." ஒப்புக்கொண்டேன். கடைசி வரைக்கும் அதைக் காப்பாற்றினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆலை பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில். எங்கள் முதலாளி அதற்கு முன் பம்பு மோட்டாருக்கு உதிரி பாகம் செய்துகொண்டிருந்தவர். குஞ்சும் தீவனமும் ஆலை கொடுக்கும். வளர்த்துக் கொடுப்பதற்குப் பண்ணைக்காரருக்குக் கூலி. வளர்ந்த கறிக்கோழியை ஆலையே கடைகளுக்கு அனுப்பும். பத்திருபது பண்ணைகளுக்கு நான் ஒருத்திதான் டாக்டர். மொபெட்டில் சுற்றிக்கொண்டிருப்பேன்.

அந்தக் கோடையில், கோழிக்கு மஞ்சள் நிறம் தரும் மக்காச்சோளம் சரியாகக் கிடைக்கவில்லை. கம்பையும் அரிசிக் குருணையையும் வைத்து ஒப்பேற்றினோம். கோழி வளர்ந்தது, ஆனால் வெளுத்துப் போனது. காலும் தோலும் கொழுப்பும் காகிதம் மாதிரி ஆகிவிட்டன. அப்போதுதான் சவுண்டல் இலையைச் சேர்க்கலாம் என்று சொன்னேன். வேலியோரத்தில் நிற்கும், ஆட்டுக்கு ஒடித்துப் போடும் அதே சவுண்டல் மரம். இலையை நிழலில் உலர்த்திக் காம்பை நீக்கி அரைத்தால் புரதமும் கிடைக்கும், கோழிக்கு நிறமும் ஏறும். ஆனால் அந்த இலையிலேயே ஒரு நச்சும் உண்டு. அளவு மீறினால் கோழி இளைக்கும், இறகு கொட்டும். அதனால் நூறு கிலோ தீவனத்துக்கு நான்கு கிலோ, அதற்கு மேல் ஒரு கைப்பிடிகூடக் கூடாது என்று ஆலையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். முதலில் அனுப்பிய கோழிகள் இளமஞ்சளாக, பார்க்க நன்றாகவே இருந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு காலையில், நான் குடியிருந்த வீட்டுக்காரரின் தொலைபேசிக்குத் துடியலூர் கறிக்கடைக்காரர் வேலுச்சாமி கூப்பிட்டார். எங்களிடம் வாரா வாரம் கோழி எடுப்பவர். அதிகம் பேசாத மனிதர்.

"டாக்டரம்மா, சித்த கடை வரைக்கும் வந்துட்டுப் போங்க. கோழி மஞ்சளா இருக்குதுன்னு ஒரே பேச்சா இருக்குதுங்க."

போய்ப் பார்த்தால் கடைக்கு முன்னால் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றது. ஆனால் பையை யாரும் நீட்டவில்லை. மேடைமேல் தோலோடு சுத்தம் செய்த கோழிகள் இரண்டு கிடந்தன. அரைத்த மஞ்சளை அள்ளிப் பூசியதுபோல் இருந்தன.

என்ன நடந்தது என்று வேலுச்சாமி சொன்னார். முதலில் வந்த பெரியவர், பழைய கறியை மறைக்க மஞ்சள் தடவியிருக்கிறாய் என்றிருக்கிறார். இவர் அவர் முன்னாலேயே கோழியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். மஞ்சள் போகவில்லை. அதன் பிறகுதான் வரிசையில் நின்ற சரோஜா என்ற பெண், "தடவின மஞ்சள்னா கழுவினாப் போயிருக்கோணுமில்லீங்க. இது உள்ளிருந்து வந்த மஞ்சள். காமாலைக் கோழிங்க இது," என்று சொன்னாராம். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

சரோஜா அங்கேயேதான் நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர், நாற்பது வயது இருக்கும். அந்தத் தெருவில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பது மற்றவர்கள் அவரைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

நான் விளக்கத் தொடங்கினேன். "இது நோய் இல்லீங்க. தீவனத்துல சவுண்டல் இலை சேர்க்கறோம். இலையில ஒரு நிறச்சத்து இருக்குது. அதுக்கு சாந்தோஃபில்னு பேரு..."

அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்ததும் முன்வரிசை ஓர் அடி பின்னால் போனது. ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாத்தீங்களா, மருந்துப் பேரையே சொல்லிப்போட்டாங்க," என்றார்.

சரோஜா என்னை நிதானமாகக் கேட்டார். "ஏனுங்க டாக்டரம்மா, இந்தக் கோழியை நீங்க தின்னு பாத்தீங்களா?"

"நான் சைவமுங்க," என்றேன்.

கூட்டம் சிரித்தது. சரோஜா சிரிக்கவில்லை. "திங்காதவங்க சொன்னா, திங்கறவங்க எப்படிங்க நம்பறது?"

நியாயமான கேள்வி. மேடையிலிருந்த கோழியைத் தூக்கிப் புரட்டினேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான்கு கிலோ இலை இத்தனை மஞ்சளைக் கொடுக்காது. மற்ற பண்ணைக் கோழிகள் எலுமிச்சை நிறத்தில் இருந்தன, இது சாமந்திப் பூ நிறம். காமாலை என்று சரோஜா சொன்னது தவறு. ஆனால் ஏதோ சரியில்லை என்று அவர் சொன்னது தவறில்லை.

வேலுச்சாமி தாழ்ந்த குரலில் கேட்டார். "கெடுதலுங்களா?"

அந்த இடத்தில் இரண்டு சுலபமான பதில்கள் இருந்தன. "ஒன்றுமில்லை, தைரியமாக விற்றுக்கொள்ளுங்கள்" என்பது ஒன்று. எல்லாக் கோழியையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நழுவுவது இன்னொன்று. இரண்டுமே எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தது மாதிரி சொல்வதுதான்.

"கெடுதல் இருக்காதுன்னுதான் நெனைக்கறேன். ஆனா நாங்க கலக்கற அளவுக்கு இத்தனை மஞ்சள் வரக் கூடாதுங்க. ஏன்னு பாத்துட்டு வந்து சொல்றேன். அது வரைக்கும் இந்தக் கோழியை விக்காதீங்க."

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கறிக்கடைக்காரரிடம் விற்காதே என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று அவர் கூண்டில் இருந்ததெல்லாம் ஒரே பண்ணையிலிருந்து வந்த கோழிகள். அவர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். "சரிங்க," என்று சொல்லிக் கத்தியைக் கழுவி வைத்தார்.

எதிரே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து முதலாளியைக் கூப்பிட்டேன். மஞ்சள் கோழிப் பேச்சு அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. கடையில் நான் சொன்னதைச் சொன்னேன்.

"அம்மணி, நீங்களே விக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களா?"

"ஆமாங்க."

அவர் விஷயத்துக்கு வந்தார். "பாலக்காட்டுத் தரகர் ஒருத்தர் கேக்கறார். மஞ்சக் காலுன்னா அங்க நாட்டுக்கோழின்னு போகுமாம். அந்தப் பண்ணைக் கோழி மொத்தத்தையும் ஏத்திக்கறேங்கறார். நாம ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாமுங்க. அவர் என்ன பேர்ல வித்தா நமக்கென்ன?"

அவரே தொடர்ந்தார். "விக்கற பக்குவத்துக்கு வந்து நிக்கற கோழி. இந்த வெயில்ல ரெண்டு நாள் தள்ளினா எத்தனை மடியும்னு என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்."

அதுவும் உண்மைதான். அவர் கெட்ட மனிதர் இல்லை. வெயிலும் கோழியும் அவரை நெருக்கின. பொழுது சாயும் வரை நேரம் கேட்டேன். கொடுத்தார். லாரியைப் பேசி வைத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

அந்தப் பண்ணையை நடத்தியவர் மரியபுஷ்பம். பல வருடம் கணவனும் மனைவியுமாக அடுத்தவர் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர்கள். பிறகு கணவர் இரும்பு வார்க்கும் பவுண்டரி வேலைக்குப் போனார். இவர் ஒரு கோழிக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து எங்களிடம் குஞ்சு கேட்டு வந்தார். இதுதான் அவருடைய முதல் தொகுதி. நான் போனபோது சர்ச்சுக்குப் போய் வந்த புடவையோடு, வெயிலைத் தணிக்கக் கொட்டகையின் பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்த சாக்குகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அத்தனை சுத்தமான கொட்டகை எங்கள் பண்ணைகளில் வேறு இல்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். விட்டத்திலிருந்து வரிசையாகச் சவுண்டல் கொத்துகள் தோரணம்போல் தொங்கின. கோழிகள் எம்பி எம்பிக் கொத்திக்கொண்டிருந்தன.

"இதை எப்ப இருந்துங்க கட்டறீங்க?"

"குஞ்சு சித்தப் பெருசானதுல இருந்துங்க. தீவனத்துல இந்த எலையத்தானுங்களே அரைச்சுப் போடறீங்க? காஞ்ச எலையே நல்லதுன்னா, பச்சை எலை இன்னும் நல்லதுன்னு நெனைச்சேன். எப்படி ஆசையாத் திங்குது பாருங்க."

அளவை ஆலையில் கலக்குபவர்களிடம் சொல்லியிருந்தோம். வளர்ப்பவர்களிடமும் சொல்ல வேண்டிவரும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. கொத்துகளை அவிழ்க்கச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

கோழிகளைப் பார்த்தேன். சுறுசுறுப்பாகத்தான் இருந்தன. சிலவற்றுக்குக் கழுத்து இறகு மெலிந்திருந்தது. எடை கொஞ்சம் குறைவாகப் பட்டது. ஒன்றை அறுத்துத் திறந்து பார்த்தேன். ஈரல் நல்ல செம்பழுப்பில், ஓரம் கூர்மையாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது. காமாலைக்கு அங்கே அடையாளமே இல்லை.

மரியபுஷ்பம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோழி போச்சுங்களா, டாக்டரம்மா?"

"இல்லீங்க. கோழி நல்லாத்தான் இருக்குது."

"அப்ப நான் போயிட்டனுங்களா?"

இனிமேல் குஞ்சு கொடுக்க மாட்டீர்களா என்று கேட்கிறார். அது என் கையில் இல்லை. "ஒரு போன் பண்ணிட்டு வாரேன், இருங்க," என்று மட்டும் சொன்னேன்.

சாலையோர பூத்திலிருந்து, கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியரைக் கூப்பிட்டேன். கறாரான மனிதர். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஈரலைப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் சார். சுத்தமா இருக்குது."

"கறியைப் பத்தி உனக்குச் சந்தேகம் இருக்கா?"

"இல்லீங்க சார்."

"அப்புறம் எதுக்கு எனக்கு போன் பண்ணினே?"

"அவங்க நம்ப மாட்டேங்கறாங்க சார்."

"அது என்கிட்டக் கேக்கற கேள்வி இல்லையே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. பூத்தை விட்டு வெளியே வந்து மொபெட்டை உதைக்கும்போது அந்தக் கோபம் இறங்கியது. யாரிடம் கேட்க வேண்டும் என்பது புரிந்துவிட்டது. வேலுச்சாமியிடம் வழி விசாரித்துக்கொண்டு சரோஜாவின் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் மெலிந்த ஒருவர் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். சரோஜாவின் கணவர். என்னைப் பார்த்ததும் சரோஜா உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் கேட்பதற்கு முன்பே அவராகவே பேசினார்.

"உங்களைச் சங்கடப்படுத்தோணும்னு சொல்லலீங்க. போன வருஷம் இவருக்குக் காமாலை. கண்ணு, நகம் எல்லாம் அந்த நிறம்தானுங்க. மாசக்கணக்கா மோரும் கஞ்சியும் குடுத்துத் தேத்தினேன். அந்த மஞ்சளைப் பாத்தாலே எனக்கு அந்த நாளெல்லாந்தான் நெனைப்புக்கு வருதுங்க."

காலையில் நான் அவரை ஒன்றும் தெரியாமல் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர் என்று நினைத்திருந்தேன். அவர் தான் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

"நான் சொல்றதை நீங்க நம்ப வேண்டாமுங்க," என்றேன். "கோழி வளர்க்கறவங்க ஊட்டுக்கு என்கூட வாங்க. நீங்களே பாருங்க, அவங்ககிட்டயே கேளுங்க."

"அவங்க திங்கறாங்களா?"

"அதையும் நீங்களே கேட்டுக்கோங்க."

உண்மையில் அது எனக்குத் தெரியாது. மரியபுஷ்பம் வீட்டு அடுப்பில் அன்று என்ன வெந்துகொண்டிருந்தது என்று நான் பார்க்கவில்லை. சாம்பாராக இருந்தால் கதை முடிந்தது. மொபெட்டின் பின்னால் சரோஜா உட்கார்ந்துகொண்டார். வேலுச்சாமியும் ஸ்கூட்டரில் வந்தார். வழி முழுக்க எனக்கு அந்த அடுப்பைப் பற்றிய வெசனம்தான்.

சரோஜா நேரே கொட்டகைக்குப் போனார். ஒரு கோழியைப் பிடித்துத் தரச் சொன்னார். மடியில் வைத்துக் கட்டைவிரலால் இமையை விலக்கிப் பார்த்தார். இன்னொன்று கேட்டார், அதையும் பார்த்தார். நான் நோய் பார்க்கும் முறை அது இல்லை. ஆனாலும் வாயைத் திறக்காமல் நின்றேன்.

"கண்ணு தெளிவாத்தான் இருக்குது," என்றார். பிறகு மரியபுஷ்பத்திடம், "ஏனுங்க, உங்க ஊட்டுல இன்னிக்கு என்னங்க கொழம்பு?" என்று கேட்டார்.

மரியபுஷ்பம் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "கோழிக் கொழம்புதானுங்க. கால் நொண்டுனது ஒண்ணு இருந்துச்சு. அதைப் பிடிச்சு அறுத்துப்போட்டோம். டாக்டரம்மா, மொதலாளிகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

"வாரா வாரமுங்களா?" என்றார் சரோஜா.

"நொண்டறது கெடைக்கற வாரமெல்லாமுங்க."

வேலுச்சாமி சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்த கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு சொம்பு மோர் வந்தது. சரோஜா ஒரு துண்டை எடுத்துப் பிய்த்துப் பார்த்தார், முகர்ந்தார், பிறகு வாயில் போட்டார். மரியபுஷ்பத்தின் மசாலாவில் சோம்பு கொஞ்சம் தூக்கல் என்றார். கறியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னிடம் திரும்பினார். "எல்லாம் நல்லாத்தானே இருக்குது? அப்பப் பொறவு ஏனுங்க காலைல விக்க வேண்டாம்னீங்க?"

மரியபுஷ்பத்தின் முன்னால் அந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மழுப்பலாம். மழுப்பியிருந்தால் மரியபுஷ்பம் தப்பித்திருப்பார், ஆனால் காலையில் நான் சொன்னதற்கு அர்த்தமில்லாமல் போயிருக்கும். சொல்லிவிட்டேன்.

"இலை கூடிப்போச்சுங்க. தீவனத்துல இருக்கறது பத்தாதுன்னு இவங்க பச்சை இலையும் கட்டியிருக்காங்க. திங்கறவங்களுக்கு அதுல ஒண்ணுமில்லை. இப்படியே நெறைய நாள் போனாக் கோழிக்குத்தான் கெடுதல். எளைச்சுப்போயிரும், இறகு கொட்டிரும்."

"இதைக் காலைலயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"காலைல எனக்கே தெரியாதுங்க. அதனாலதான் விக்க வேண்டாம்னேன்."

சரோஜா மெல்லத் தலையை ஆட்டினார். என் படிப்பு அன்று செய்ய முடியாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது என்று நினைக்கிறேன். மரியபுஷ்பம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரோஜா அவர் பக்கம் திரும்பி, "இதுக்கு ஏனுங்க மொகத்தைத் தொங்கப் போடறீங்க? உப்புப் போட்டாத்தான் ருசின்னு ஒரு நாளு நானும் ரெண்டாந்தரம் போட்டு, பள்ளிக்கூடத்துப் புள்ளைகளெல்லாம் தண்ணியாக் குடிச்சுதுக," என்றார். மரியபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வேலுச்சாமி எழுந்து வேட்டியை உதறினார். "இந்தக் கோழியையே விக்கறனுங்க. கேக்கறவங்களுக்கு நடந்ததைச் சொல்லித்தான் விப்பேன்."

முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னேன். தரகரை வேண்டாம் என்று சொல்லிவிடும்படி கேட்டேன்.

"கடையில வித்துருமுங்களா?"

"தெரியலீங்க."

"இன்னிக்கு உங்க வாயில அந்த ஒரு வார்த்தைதான் வருது," என்றார். ஆனாலும் தரகருக்கு வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்.

எல்லாம் அன்றே விற்றுப்போனது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. சரோஜா அன்று சாயங்காலம் முதல் ஆளாக ஒரு கோழி வாங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கினார்கள். சிலர் அந்தக் கடைப் பக்கம் வரவே பல வாரம் ஆனது. வெயிலில் கொஞ்சம் கோழி மடியவும் செய்தது. முதலாளி அதை ஒருபோதும் என்னிடம் சொல்லிக் காட்டவில்லை.

மரியபுஷ்பத்துக்கு மறுபடி குஞ்சு கொடுக்கலாமா என்று அவர் கேட்டபோது நான் சொன்னேன்: "சொன்னதைச் செய்யாதவங்களைத் திருத்தறது கஷ்டமுங்க. இவங்க சொல்லாததையும் சேர்த்துச் செய்யறவங்க. எங்க நிறுத்தோணும்னு மட்டும் சொன்னாப் போதும்." கொடுத்தார். எல்லாப் பண்ணைகளுக்கும் போய் அளவையும் காரணத்தையும் சொல்லும் வேலையை அந்த வாரமே தொடங்கினேன். மரியபுஷ்பம் வேலியிலிருந்த சவுண்டலை வெட்டவில்லை. இலையை உலர்த்தி ஆலைக்கே கொடுத்தார்.

சில மாதம் கழித்து முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். துடியலூரில் இப்போது மஞ்சள் கோழிதான் வேண்டும் என்கிறார்களாம். வெளுப்பாக இருந்தால் இலை போடாத கோழி என்று திருப்பிவிடுகிறார்களாம். இன்னும் நாலு கிலோ இலையைச் சேர்த்தால் என்ன என்று கேட்டார்.

"வேண்டாமுங்க," என்றேன்.

"கேக்கறவங்களுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

"இளமஞ்சள்தான் வரும்னு சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே மேசைமேல் இருந்த காகிதங்களைப் பார்க்கத் தொடங்கினார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மரியபுஷ்பத்தின் இரண்டாவது தொகுதியை ஏற்ற நானே போயிருந்தேன். கோழிகள் எலுமிச்சை நிறத்தில், கழுத்து நிறைய இறகோடு, நல்ல எடையில் இருந்தன. லாரி தார்ச் சாலையில் ஏறி மறையும் வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு காலிக் கொட்டகைக்குள் நுழைந்தார்.

"குஞ்சு எப்பங்க வரும்?"

"கூட்டிச் சுண்ணாம்பு அடிச்சுப் பதினைஞ்சு நாள் ஆறப் போடோணுமுங்க," என்றேன்.

"அது தெரியுமுங்க," என்றார், கூட்டுவதை நிறுத்தாமல். "பதினாறாவது நாள் எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேட்டேன்."